இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போட்ட சப்பாத்து

"கழட்டு அந்தச் சட்டைய. கழட்டு தயா, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நீ—"

"கழட்ட மாட்டேன்க்கா. வர்றது ஆபீசர். நான் என்ன பனியனோட—"

"பனியனோடதான் இருக்கணும். கட்டில்ல படுத்து, போர்வையப் போத்திக்கிட்டு—"

"படுத்துக்கிட்டு ஆபீசர்கிட்ட பேசறதா? அப்பா இருந்திருந்தா—"

"அப்பா பேச்ச எடுக்காத. அப்பாவா வந்து உனக்குக் கார் பிடிச்சுக் குடுக்கப் போறாரு?"

"பிரேமளா, நீ சொல்லு. இவங்களுக்கு நீயே எடுத்துச் சொல்லு."

நான் தரையில் உட்கார்ந்து என் வீட்டுக்காரரின் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். இடது கால் அவருடையது. வலது கால், முழங்காலுக்குக் கீழே, ஆஸ்பத்திரியில் அளவெடுத்துச் செய்து கொடுத்தது. இனிப்பு நீர் நோய் எடுத்துக்கொண்டு போன காலுக்குப் பதிலாக வந்தது. அதை மாட்டிக்கொண்டால் ஒரு தேவாரம் பாடி முடிக்கிற நேரம் நிற்பார். அதற்கு மேல் நின்றால் உள்ளே தோல் உரிந்துவிடும். அதனால் அது எப்போதும் அலமாரிக்குப் பின்னால்தான் இருக்கும். தீபாவளிக்கு வெளியே வரும். இன்றைக்கு வந்திருந்தது.

"நான் என்னத்தச் சொல்ல," என்றேன். "ரெண்டு பேரும் ஒரே அப்பா பெத்த பிள்ளைங்க. எனக்கு நடுவுல வேலையில்ல. கால ஆட்டாதீங்க, முடிச்சு அவுந்துரும்."

"அந்தக் கால்ல சப்பாத்து எதுக்கு பிரேமளா? அது ஆட்டவும் ஆட்டாது, கேக்கவும் கேக்காது," என்றார் மச்சாள்.

"ஒரு கால்ல சப்பாத்தும் ஒரு கால்ல ஒண்ணுமில்லாமயும் ஆபீசர் முன்னாடி நிக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டார் இவர்.

"நிக்கவே வேணாம்னுதானே சொல்றேன். உனக்கு விசரா?"

சுபத்திரா மச்சாள் இவருடைய அக்கா. முதல் நாள்தான் பொந்தியானிலிருந்து பஸ் மாறி மாறி பெக்கோக் வந்து சேர்ந்தார். பள்ளிக்கூட டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். வேலையிலிருந்துதான் ரிட்டயர் ஆனார், அதட்டலிலிருந்து இல்லை. ஆபீசர் வீட்டுக்கு வந்து பார்க்கப் போகிறார் என்று நான் போனில் சொன்னதுமே, "உங்க ரெண்டு பேரையும் நம்பி இத விட முடியாது," என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மழைக்காலத்துக்கு முன்னாலேயே தொடங்கிவிட்ட பேச்சு இது. உடல் ஊனமுற்றவர்களுக்குக் கொடுக்கிற ஓகேயூ கார்டு வைத்திருப்பவர்களுக்கு மாதாமாதம் வருகிற உதவித்தொகையைக் குறைக்கலாமா என்று ஒரு யோசனை இருப்பதாகப் பத்திரிகையில் வந்தது. வெறும் யோசனைதான். ஆனால் எங்கள் ஊர்க் கோப்பிக் கடையில் அது அன்று சாயங்காலமே சட்டமாகிவிட்டது. "போத்தோங் பண்ணிட்டாங்க, வெட்டிட்டாங்க லா," என்று ஒரு மேசையில் சொல்ல, அடுத்த மேசையில் "பாதி போச்சாம்" என்றார்கள். வாசல் மேசைக்குப் போய்ச் சேர்வதற்குள் முழுதும் போய்விட்டது. போனிலும் அதே கதைதான். ஒருத்தர் குரல் பதிவு போட்டு அழுதார், ஒருத்தர் திட்டினார், இன்னொருத்தர் முருகன் படத்தை அனுப்பி, இதைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் தொகை குறையாது என்று எழுதியிருந்தார். நானும் அனுப்பி வைத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்றுதான்.

எதையும் முடிவு செய்வதற்கு முன்னால் வீடு வீடாக வந்து, யாருக்கு உண்மையிலேயே உதவி தேவைப்படுகிறது என்று பார்ப்பார்கள் என்று பிறகு தெரிந்தது. தனியாக எல்லாம் செய்துகொள்ள முடிகிறவர்களுக்கு நிறுத்திவிடுவார்களாம்.

எங்களுக்கு அந்தத் தொகை என்றால் வாடகைக்கு வருகிற மூர்த்தியின் கார். மிச்சமிருக்கும் காலிலும் ஒரு புண். அதைக் கழுவிக் கட்ட வாரா வாரம் செகாமாட் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூர்த்தி இவரைக் கைத்தாங்கலாக ஏற்றி, கொண்டுபோய், காத்திருந்து, திருப்பிக் கொண்டுவந்து விடுவான். மகள் அனுப்புவது சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் சரியாக இருக்கிறது. மச்சாள் தன் பென்ஷனிலிருந்து தருகிறேன் என்றார். இவர் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டார். இவருடைய அப்பாவைப் போல இவருக்கு அரசாங்க வேலை அமையவில்லை. காஹாங்கில் எண்ணெய்ப்பனை ஆலையில் கணக்கெழுதுகிற கிராணியாக இருந்தார். ஆலை மூடியதும் பெக்கோக்குக்கே திரும்பி, ரயில் பாதைக்குப் பின்னால் இந்தச் சின்ன வீட்டை வாங்கினோம்.

மூர்த்தியின் கார் நின்றால், வீட்டைப் பூட்டிவிட்டு ஜேபி நகரத்துக்கு, மகளிடம் போக வேண்டியதுதான். தங்கமான பிள்ளை, வாங்க வாங்க என்றுதான் கூப்பிடுகிறாள். ஆஸ்பத்திரி அவள் வீட்டுக்கு எதிரிலேயே இருக்கிறது. ஆனால் வீடு அடுக்குமாடியில், ஆகாயத்தில். அங்கே ரயில் கேட்காது. இங்கே இவர் கண்ணை மூடிக்கொண்டே, "இது சரக்கு," "இது சிங்கப்பூர்ப் பக்கம் போறது," என்று சொல்வார். மின்சார வண்டி வந்த பிறகும் சொல்கிறார். "சத்தம் மெலிஞ்சு போச்சு, ஆனா ஆளு தெரியுது," என்பார்.

"ஜேபிக்குப் போனா அப்புறம் நான் ஒரு மூலைல வச்ச சாமான்," என்றார் ஒரு நாள். அதற்குமேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. அன்றையிலிருந்து, ரயில் போகும்போது நானும் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கத் தொடங்கினேன்.

"அண்ணே, யாருக்குப் பொண்ணு பாக்கப் போறீங்க?"

பின்வாசல் வழியாகக் கிரகோரி வந்தார். அடுத்த வரிசை வீடு. ஆலையில் இவரோடு வேலை செய்தவர். அங்கே நடந்த விபத்தில் இடது கை முழங்கையோடு போய்விட்டது. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

"நீங்களாச்சும் சொல்லுங்க கிரகோரி," என்றார் மச்சாள். "வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத சிலுவாரு, சப்பாத்து. இவனப் பாத்தா உதவி வாங்கற ஆளு மாதிரியா இருக்கு? உதவி குடுக்கற ஆளு மாதிரி இருக்கு."

"அதான் பாத்தேன் டீச்சரம்மா. போன வாரம் என் வீட்டுக்கும் அதே ஆபீசர்தான் வந்துச்சு. நான் சவரம் பண்ணல. ஓட்டைப் பனியன். ஐயோ அலமாக், கண்ணாடியில என்னைப் பாத்து நானே பாவப்பட்டுட்டேன்."

"நடிச்சிருக்க," என்றார் இவர்.

"பனியன் நடிப்புதான், ஒத்துக்கறேன். மைலோ டின்னு நடிப்பில்லண்ணே."

"என்ன மைலோ டின்னு?"

"அந்தப் பொண்ணு, அங்கிள் நீங்களே ஒரு தண்ணி கலக்கிக் காட்டுங்கன்னு கேட்டுச்சு. நான் டின்ன எடுத்தேன். கம்புக்கூட்டுல இடுக்கிக்கிட்டு மூடியத் திருப்பறேன். வழுக்குது. தொடை நடுவுல வச்சுத் திருப்பறேன். வழுக்குது. சாகற வரைக்கும் வீட்டுக்காரிதான் அதத் தெறந்து குடுத்தா. அவ போனதுக்கப்புறம் நான் மைலோவே குடிக்கறதில்ல, உங்களுக்குத் தெரியுமா? உங்களுக்கே தெரியாது. இவ்வளவு பக்கத்துல இருந்தும். அன்னிக்குத்தான் ஒரு ஆளு உக்காந்து பாத்துச்சு." கிரகோரி நாற்காலியை ஒற்றைக் கையால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பசியாறியாச்சா அண்ணி? கோப்பி இருக்கா?"

கோப்பி ஊற்றிக் கொடுத்தேன். சீனியைப் போட்டு நானே கலக்கினேன்.

"இவர் செகாமாட் கூட்டத்துலயே இப்படித்தானே பண்ணாரு," என்றார் கிரகோரி, மச்சாளிடம். "அண்ணி சொல்லலையா?"

"என்ன பண்ணான்?"

"பழசெல்லாம் எதுக்கு இப்ப," என்றார் இவர்.

பழசும் இல்லை, போன மாதம் நடந்ததுதான். இந்த யோசனை வேண்டாம் என்று சொல்வதற்காகச் செகாமாட்டில் ஒரு மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். மூர்த்தியின் காரில் நாங்கள் மூன்று பேரும் போனோம். சக்கர நாற்காலிகளுக்கு இடம் விடுவதற்காக மற்ற நாற்காலிகளையெல்லாம் சுவர் ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். மலாய்க்காரர், சீனர், நம் ஆட்கள், எல்லாரும் இருந்தார்கள். மைக் ஒவ்வொருவர் கையாகப் போயிற்று. யாருக்கு என்ன முடியாது, யாரை யார் தூக்க வேண்டும், யார் எதை அடக்க முடியாமல் அவதிப்படுகிறார் என்று எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. பேச்சியம்மாள் என்று தோட்டத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். மகன் பிறந்ததிலிருந்து படுக்கையாம். அந்த அம்மா மைக்கை வாயோடு வைத்துக்கொண்டு, "குறைக்கறவங்க முதல்ல என் பிள்ளைய எந்திரிச்சு நடக்க வைங்க. அவன் நடந்துட்டா அவனே உங்க ஆபீசுக்கு நடந்து வந்து, போதும் சாமின்னு சொல்லுவான்," என்றார். மண்டபமே கை தட்டியது. தமிழ் தெரியாதவர்களும் தட்டினார்கள்.

அடுத்து மைக் இவரிடம் வந்தது. இவர் பக்கத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழ வேண்டாம் என்று எல்லாரும் சொன்னார்கள். எழுந்தார். "எல்லாருக்கும் வணக்கம். எல்லாரும் நல்லாப் பேசினாங்க. நான் சேத்துச் சொல்ல ஒண்ணுமில்ல. நன்றி." அவ்வளவுதான். மைக்கை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

காரில் திரும்பும்போது யோங் பெங் மழை செகாமாட்டுக்கும் வந்துவிட்டது என்று மூர்த்தி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். இவர் கண்ணாடிப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, "எல்லாரும் பக்கெட்ட நடு வீட்டுல வச்சிட்டாங்க," என்றார்.

"ஆமா," என்றார் கிரகோரி இப்போது. "அன்னிக்கே கேக்கணும்னு நெனச்சேன். என்னண்ணே அது பக்கெட்டு?"

அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சண்டை அப்படியே நின்றது.

"சொல்லேன்," என்றார் மச்சாள்.

"நீங்க சொல்லுங்க. நீங்கதான் நல்லாச் சொல்லுவீங்க."

"பிரேமளாதான் அன்னிக்கு உள்ள இருந்தா. நாம வெளிய பிளாட்பாரத்துல நின்னோம்."

உண்மைதான், நான் உள்ளே இருந்தேன். அந்த வீட்டுக்குப் புது மருமகள். என் மாமா தம்பிராஜா அப்போது பெக்கோக்குக்குத் தெற்கே ஒரு சின்ன ஸ்டேஷனுக்கு மாஸ்டர். அந்த ஸ்டேஷன் இப்போது இல்லை. இரட்டைப் பாதை அதன் மேல் போய்விட்டது. அப்போது சுற்றிலும் ரப்பர் மரம், நடுவில் ஒரு பிளாட்பாரம், பக்கத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ். காலையில் ரப்பர் இலை மேல் ஈரம் சொட்டுகிற சத்தமும், தந்திக் கம்பத்தில் குருவிச் சத்தமும், மாமா சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு நடக்கிற சத்தமும் கேட்கும். பிளாட்பாரத்து ஓரக் கற்களுக்கு அவர் தன் கையாலேயே வெள்ளை அடிப்பார். "ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு சட்டை," என்பார்.

வருஷத்துக்கு ஒரு முறை இன்ஸ்பெக்டர் தண்டவாளத்தில் ஓடுகிற டிராலியில் வருவார். முந்தின ஸ்டேஷனிலிருந்து போன் மணி அடித்ததும் வீடே ராணுவமாகிவிடும்.

"சுபத்திரா, மணி தேச்சாச்சா?"

"தேச்சாச்சு அப்பா. புளி போட்டுத் தேச்சேன்."

"தயா, தீயணைக்கிற வாளியில மண்ணு?"

"ரொப்பியாச்சுப்பா."

"மருமகளே, கோப்பை?"

"தொடைச்சு வச்சிருக்கேன் மாமா."

நீலக் கரை போட்ட கோப்பைகள். இன்ஸ்பெக்டருக்கு மட்டும் வெளியே வரும். நான் ஒவ்வொன்றையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைப்பேன்.

"கனகம்மா, பக்கெட்?"

"கட்டிலுக்கு அடியில."

அங்கேதான் கதை. அந்தக் குவார்ட்டர்ஸின் கூரை ஒழுகும். சரியாகக் கட்டிலுக்கு மேலே. மழை வந்தால் மாமி கனகம்மா அங்கே ஒரு பக்கெட்டை வைத்துவிட்டு, மற்றவர்களை ஓரமாகப் படுக்கச் சொல்வார். "இத்தனை வருசமா ஒழுகுது, இன்ஸ்பெக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?" என்று நான் இவரிடம் கேட்டதற்கு, "இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கா?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் ஏதோ கோவிலுக்குள் செருப்போடு போகச் சொன்ன மாதிரி.

அன்று டிராலி வந்து நிற்கவும் வானம் உடையவும் சரியாக இருந்தது. மாமா வெள்ளை உடுப்பில், குடையில்லாமல், சல்யூட் அடித்தபடி நின்றார். இன்ஸ்பெக்டர் மழைக்கு ஒதுங்க வழியில்லாமல் நேராக வீட்டுக்குள் வந்துவிட்டார். எந்த இன்ஸ்பெக்டரும் அதுவரை வீட்டுக்குள் வந்ததில்லை.

"முதல் சொட்டு விழுந்துச்சு," என்றேன் கிரகோரியிடம். "மாமி என்ன பண்ணாங்க தெரியுமா? விருந்தாளி முன்னாடி உக்காரவே மாட்டாங்க அந்த அம்மா. அன்னிக்குப் போய்க் கட்டில்ல உக்காந்துட்டாங்க. ஒழுகற எடத்துக்கு நேரா. தலையில."

"தலையிலயா?"

"உச்சந்தலையில. டொக்கு, டொக்குன்னு. தண்ணி கண்ணுல எறங்குது, அவங்க கண்ண மூடிக்கிட்டாங்க. அந்த மனுசன் பாத்துட்டு, மிசஸுக்கு உடம்பு சரியில்லையான்னு கேட்டாரு."

"அதுக்கு அப்பா," என்று மச்சாள் இடையில் புகுந்தார், அவருக்கு ஏற்கெனவே சிரிப்பு வந்துவிட்டிருந்தது, "இல்ல சார், இது அவங்க சாமி கும்பிடற நேரம்னாரு."

கிரகோரி கோப்பியைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்த மனுசன் அப்படியே தொப்பியக் கழட்டிட்டாரு," என்றார் இவர். "மழை விடற வரைக்கும் மரியாதையா நின்னாரு. அம்மாவும் விடற வரைக்கும் கும்பிட்டாங்க."

"போறப்ப கேட்டாருல்ல," என்றேன். "எல்லாம் சரியா இருக்கா மிஸ்டர் தம்பிராஜா, ஏதாச்சும் தேவையான்னு."

அக்காவும் தம்பியும் சேர்ந்தே சொன்னார்கள்: "ஆல் இன் ஆர்டர், சார்."

நாங்கள் நாலு பேரும் சிரித்தோம். மச்சாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டிராலி மறைந்ததும் நான் துண்டைக் கொண்டுபோய் மாமியின் தலையைத் துவட்டியது எனக்கு ஞாபகம் வந்தது. வெற்றிலையும் ஈரமும் கலந்த வாசனை. "மருமகளே, கோப்பை ஒண்ணும் உடையலையே?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு மாமா வந்தார். மாமியின் ஈரத் தலையைப் பார்த்தார். தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றி அவர் தோளில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். நான் அந்த வீட்டில் பார்த்த மிகப் பெரிய கொஞ்சல் அதுதான்.

"கூரைய அப்புறம் சரி பண்ணாங்களா?" என்று கேட்டார் கிரகோரி.

"எங்க? சுத்தத்துக்கு முதல் பரிசுன்னு அந்தக் கடிகாரம் வந்துச்சு." இவர் சுவரைக் காட்டினார். வட்டமான பழைய கடிகாரம், ரோமன் எழுத்து. இன்னும் ஓடுகிறது. "அம்மா அத மாட்டினது எங்க தெரியுமா? செவுரு ஈரம் ஊறிக் கறுத்துப் போன எடத்துல. மறைக்கறதுக்கு."

சிரிப்பு அடங்கியது. மச்சாள் தம்பியின் தோளில் கை வைத்தார். இந்த முறை அதட்டவில்லை.

"தயா, அப்பா பண்ணது தப்பு. அன்னிக்கே கூரை ஒழுகுதுன்னு சொல்லியிருக்கணும். அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் சளி தீரல. நீ இன்னிக்கு ஒழுகுதுன்னு சொல்லிடு. அவ்வளவுதான் கேக்கறேன்."

இவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்றேன்க்கா," என்றார். "ஆனா சட்டையோட சொல்றேன்."

"சரி, சட்டையோட சொல்லு. ஆனா உக்காந்து சொல்லு."

"உக்காந்து சொல்றேன்."

வாசலில் கார் வந்து நின்றது. கிரகோரி எழுந்து, "நான் இங்க இருந்தா அந்தப் பொண்ணு என் சவரத்தப் பாத்துரும்," என்று கன்னத்தைத் தடவிக்கொண்டு முன் அஞ்சடித் தாழ்வாரத்தில் செருப்பு அலமாரிக்குப் பின்னால் மறைவாகப் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஆபீசர் முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை. ஐலீன் என்று போட்டிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, "வணக்கம் அங்கிள், வணக்கம் ஆன்ட்டி," என்று உள்ளே வந்தாள்.

இவர் நின்றுகொண்டிருந்தார்.

எப்போது எழுந்தார் என்று எனக்குத் தெரியாது. கதவுக் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முதுகு நேராக, மாமா நின்ற மாதிரியே. "வாங்க மிஸ். உக்காருங்க. வழி கண்டுபிடிக்கச் சிரமமா இருந்துச்சா?"

"நீங்க உக்காருங்க அங்கிள், பரவாயில்ல."

"நீங்க உக்காந்ததும் உக்கார்றேன்."

அவள் அவசரமாக உட்கார்ந்தாள். அப்புறம்தான் இவரும் உட்கார்ந்தார். பல்லைக் கடித்தது எனக்கு மட்டும் தெரிந்தது. மச்சாளைப் பார்த்தேன். முறைப்பார் என்று நினைத்தேன். மச்சாள் அங்கே இல்லை.

ஐலீன் கையில் இருந்த தட்டையான கருவியில் ஏதோ தட்டினாள். "சும்மா சில கேள்விதான் அங்கிள். பயப்பட ஒண்ணுமில்ல. எல்லாரும் என்னப் பாத்தா இப்ப ரொம்பப் பயப்படறாங்க, எனக்கே கஷ்டமா இருக்கு. நான் பாத்தத எழுதறதோட என் வேலை முடிஞ்சுது, முடிவு பண்றது மேல உள்ளவங்க. காலையில குளிக்கறதெல்லாம் எப்படி?"

காலையில் குளிப்பது எப்படி என்றால், பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, நான் பின்னாலிருந்து கக்கத்தைப் பிடித்து உட்கார வைத்து, தண்ணீர் மொண்டு ஊற்றி, முதுகு தேய்த்து, திரும்பத் தூக்குவேன். தூக்கும்போது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "முருகா" என்போம். போன வாரம் என் கை வழுக்கியது. நல்லவேளை, குழாயைப் பிடித்துக்கொண்டார்.

"குளிக்கறது..." என்று இவர் தொடங்கினார். என்னைப் பார்த்தார். சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். உதடு அசைந்தது.

அப்போது மச்சாள் அடுக்களையிலிருந்து வந்தார். கஃப்தானை மாற்றிச் சேலை கட்டியிருந்தார். கையில் தட்டு. தட்டில் நீலக் கரை போட்ட கோப்பைகள். அலமாரியின் மேல் தட்டில், துணி சுற்றி நான் வைத்திருந்தவை. எப்படித் தேடி எடுத்தாரோ.

"தேத்தண்ணி எடுத்துக்கங்க மிஸ்," என்றார், டீச்சர் குரலில் இல்லை, வேறு ஏதோ குரலில். "குளிக்கறதா? அவன் சின்ன வயசுலேர்ந்தே எல்லாம் தானே செஞ்சுக்குவான். யாரையும் எதிர்பாக்க மாட்டான். எங்க வீட்டு வளர்ப்பு அப்படி."

"அப்படியா," என்றாள் ஐலீன். எழுதவில்லை. "கடிகாரம் அழகா இருக்கே. ரொம்பப் பழசா?"

"எங்கப்பா ஸ்டேஷன் மாஸ்டர். சுத்தத்துக்கு முதல் பரிசு குடுத்தாங்க. பாதை முழுக்கப் பேரு. இன்ஸ்பெக்டரே வீட்டுக்குள்ள வந்து தொப்பியக் கழட்டி நின்னாரு."

அத்தோடு நிறுத்திவிட்டார் மச்சாள். மழையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அஞ்சடியில் கிரகோரி இருமினார். பிறகு இன்னொரு முறை, சத்தமாக இருமினார்.

"மச்சாள்," என்றேன் மெதுவாக. அவர் என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணில் நான் மாமியைப் பார்த்தேன். கட்டிலில், நேராக, சொட்டச் சொட்ட. தான் என்ன செய்துவிட்டோம் என்று அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது.

"சாப்பாடு, துணி மாத்தறது?" என்று கேட்டாள் ஐலீன்.

"பரவாயில்ல," என்றார் இவர்.

"ஆஸ்பத்திரிக்கு?"

"ஒரு பையன் கார் கொண்டு வருவான். நல்ல பையன்."

"அந்தக் கார் இல்லன்னா?"

வெளியே ரயில் வந்தது. இவர் தலை தானாக அந்தப் பக்கம் திரும்பியது. நானும் மச்சாளும் திரும்பினோம். எங்களைப் பார்த்து ஐலீனும் திரும்பினாள். மெலிந்த, ஒரே சீரான சத்தம், ஜன்னல் கம்பியைக் கொஞ்சம் அதிரவைத்துவிட்டு, தெற்கே, மாமாவின் ஸ்டேஷன் இருந்த பக்கமாகப் போய் மறைந்தது.

"வேற ஏதாச்சும் கஷ்டம், தேவை இருக்கா அங்கிள்?" என்று கேட்டாள் ஐலீன். "இருந்தா இப்ப சொல்லிடுங்க. நான் போய்ட்டா அப்புறம் எனக்கு எழுத முடியாது."

இவர் முதுகை நிமிர்த்தினார். வெள்ளைச் சட்டையின் கழுத்தில் வியர்வை வட்டமாக ஊறியிருந்தது. வலது முழங்காலுக்குக் கீழே சிலுவாரின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

"ஆல் இன் ஆர்டர், மிஸ்," என்றார்.

அஞ்சடியில் இருமல் நின்றுவிட்டது. நான் வாயைத் திறந்தேன். தண்ணீர் மொள்ளுவதையும், தூக்குவதையும், முருகா என்பதையும், வழுக்கிய கையையும் சொல்லிவிடத்தான் திறந்தேன். ஆனால் இவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அந்தத் திரும்பாத முகம் என்னைக் கட்டிப் போட்டது.

ஐலீன் கருவியை மூடி மடியில் வைத்தாள். எழுந்திருக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் எழவில்லை. தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தாள். கோப்பையைக் கவனமாகக் கீழே வைத்தாள். அவள் பார்வை தரையில், இவருடைய இரண்டு சப்பாத்துகளின் மேலும் நின்றது. நான் காலையில் எதிரே உட்கார்ந்து கட்டிய முடிச்சுகள். மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவளுக்குக் கட்டிவிட்ட மாதிரியே, அவிழாமலிருக்க இரட்டையாகப் போட்டவை.

"என் மகனுக்கு நான்தான் ஸ்கூல் சப்பாத்து கட்டிவிடுவேன்," என்றாள். "எதிர்ல உக்காந்து கட்டினா முடிச்சு இப்படித்தான் விழும்."

மச்சாள் தட்டோடு அப்படியே நின்றார். இவர் தன் காலைப் பார்த்தார். ஐலீன் நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இதை யாரு கட்டிவிட்டாங்க, அங்கிள்?"